மலையை விட்டு ஏரிக்கு

சென்னையிலேயே பரங்கிமலை இருக்க, வானொலிக் கம்பங்களை ஆவடிச் சமவெளியில் ஏன் நட்டார்கள்? எங்கள் வீட்டில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: "நெலம் சும்மா கெடந்துது, வெச்சுட்டாங்க." தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார். தாத்தா தந்தி இலாகாக்காரர். ஒரு கம்பம் ஊன்றவே நூறு கேள்வி கேட்கும் இலாகா அது. அங்கே வேலை பார்த்தவர் இப்படிச் சொல்லியிருப்பாரா என்பதுதான் என் உறுத்தல்.

அம்பத்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஒலிபரப்புப் பொறியாளர் ஒருவரைத் தேடிப் போனேன். உயரம் எவ்வளவு, எத்தனை கிலோவாட் என்று எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்: "மண்ணு எப்படின்னு கேளுங்க தம்பி." பேச்சை நான் கம்பத்துக்கு இழுப்பேன், அவர் தரைக்கு இழுப்பார். கடைசியில் விட்டுக்கொடுத்து, "சரி சார், மண்ணு எப்படி?" என்றேன். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். அதனால்தான் கொடைக்கானலின் கோடைப் பண்பலைக்கு மலை வேண்டியிருந்தது. ஆவடிக் கம்பங்கள் அனுப்பும் மத்திய அலை அப்படியல்ல, பகலில் அது தரையை ஒட்டியே ஓடும். சென்னை வானொலி 'ஏ' நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 416 மீட்டர். இத்தகைய நிலையங்களில் கம்பமேதான் ஆன்டெனா. அதன் அடியிலிருந்து நாலாபுறமும் செப்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைப்பார்கள். வழக்கமாக 120 கம்பி, ஒவ்வொன்றும் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது நூறு மீட்டருக்குச் சற்று மேல். மேலே ஏறும் மின்னோட்டம் திரும்பி வரும் வழி அது. வறண்ட பாறைத் தரை அலையை விழுங்கிவிடும். ஈரக் களிமண் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரம் கடத்தும். கடல்நீரோ பாறையைவிடப் பல ஆயிரம் மடங்கு.

அந்தக் கடைசிக் கணக்கு என் தேடலை ஆவடியிலிருந்து அந்தமானுக்குத் திருப்பியது. 1905இல் இந்தியத் தந்தி இலாகா, லாட்ஜ்–மூர்ஹெட் முறையில், போர்ட் பிளேரையும் பர்மாவின் பசீன் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் டைமண்ட் தீவையும் கம்பியில்லாத் தந்தியால் இணைத்தது. இடைத்தூரம் சுமார் 300 மைல். வால்வு பெருக்கிகள் வராத காலம் அது. அவ்வளவு எளிய கருவியை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் எட்ட முடிந்ததற்குப் பெருந்துணை, வழி நெடுகக் கிடந்த கடல்நீர். அதே கருவியால் தக்காணத்துக் கருங்கல் தரையில் அந்தத் தூரத்தைத் தாண்டியிருக்க முடியாது.

இதைப் படித்தபின் வீட்டுக் கதையை என்னால் ஏற்க முடியவில்லை. கம்பியில்லாத் தந்திக் காலத்திலிருந்தே நிலையத்துக்கு இடம் பார்ப்பது என்றால் தரையையும் நீரையும் பார்ப்பதுதான். பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கும் தட்டையான பூமி மத்திய அலைக்கு வாய்த்த இடம். பரங்கிமலைப் பாறை அதற்கு உதவாது.

இந்த வட்டாரத்தின் வரலாற்றை டாங்கித் தொழிற்சாலையிலிருந்தும் தொழிற்பேட்டையிலிருந்தும் தொடங்குகிறார்கள். ஏரியிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். மண்ணைத் தொட்டு அலையைக் கணித்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைப்பது நம் கடமை.