நண்டும் புற்றும்

அரபு மொழியில் 'ஸரத்தான்' என்னும் சொல்லுக்கு நண்டு என்பது பொருள். புற்றுநோய்க்கும் அதுவே பெயர். பண்டைக் கிரேக்க மருத்துவர்களும் நண்டின் பெயரையே அந்நோய்க்கு இட்டனர். பிடித்தால் விடாத கொடுமையை அப்பெயர் காட்டுகிறது. நம் தமிழ்ப் பெயரோ மற்றொன்றைக் காட்டுகிறது. கறையான் புற்றில் வெளியே தெரிவது சிறிது. உள்ளே பரந்து கிடப்பது பெரிது.

இந்நோய் உள்ளே பரவுவதற்கு நம் மௌனமே துணை செய்கிறது. என் தமக்கையார் மார்பில் தோன்றிய கட்டியை எட்டு மாதங்கள் எவரிடமும் கூறவில்லை. நாணமே காரணம். அவர் கூறியபோது நோய் ஈரல்வரை பரவியிருந்தது. அடுத்த ரமலானை அவர் காணவில்லை.

அண்மையில் ஒரு ஞாயிறன்று, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரைவரை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இளைஞர் சிலர் புற்றுநோயாளர்களுக்காக நிதி திரட்டி மிதிவண்டியில் சென்றனர். வழியில் தண்ணீர் வழங்கும் பணியை நான் கேட்டுப் பெற்றேன். "மிதிவண்டி மிதித்தால் நோய் தீருமா, ஹஜ்ரத்?" என்று நண்பர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே.

1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அத்துயரத்தை அவர் கண்ணீரோடு முடித்துவிடவில்லை. மாதர் சங்கத்தினரோடு சேர்ந்து பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1955-இல் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021-இல் மறையும்வரை அதற்கே வாழ்ந்தார். அமெரிக்காவிலும் தாயை இந்நோய்க்கு இழந்த பில்லி ஸ்டார் என்பவர், 1980-இல் 36 பேரோடு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இத்தகைய மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். அது இன்றும் தொடர்கிறது.

எங்கள் பயணத்தில் திரண்ட தொகை பெரிதன்று. அது நோயாளர்களின் வழிச்செலவுக்கென ஒதுக்கப்பட்டது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பல வாரங்கள், நாள்தோறும் செல்ல நேரும். சிகிச்சை இலவசமாயினும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்த நாட்கூலியையும் எவர் தருவார்? பாதியில் சிகிச்சையை விட்டுவிடும் ஏழைகள் பலர், இவ்விரண்டுக்கும் அஞ்சியே விடுகின்றனர்.

நான் எலுமிச்சைச் சாறும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றிருந்தேன். அருகே வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, "எதுக்குப் பாய் இந்தப் புள்ளைங்க வெயில்ல போவுது?" என்று கேட்டார். புற்றுநோய் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் குரலைத் தாழ்த்தி, "எம் மருமவளுக்கு மார்ல ஒரு கட்டி இருக்குது. வலிக்கல, அதனால சும்மா வுட்டுட்டோம்" என்றார். வலியில்லை என்பதால் விட்டுவிடலாகாது, தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை, எல்லாக் கட்டியும் புற்றுமன்று, மருத்துவர் பார்த்தே சொல்லவேண்டும் என்று விளக்கி, மறுநாளே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டினேன். தலையசைத்தார்.

நண்பரின் வினாவுக்கு அம்மூதாட்டியிடமே விடை கிடைத்தது. வீட்டுக்குள் உச்சரிக்க அஞ்சும் சொல் அன்று வீதியில் வெளிப்பட்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குர்துபாவைச் சார்ந்த அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவீ அவர்கள், முற்றிப் பெருத்த ஸரத்தானைத் தாம் குணப்படுத்தியதில்லை, குணமாக்கியவரைக் கண்டதுமில்லை என்று எழுதினார். சிறிதாயிருக்கும்போதே அகற்றினால் பயன் உண்டாகலாம் என்பது இப்னு ஸீனா (980–1037) அவர்களின் கருத்து. அவர்கள் காலத்தில் இல்லாத கருவிகளும் மருந்துகளும் இன்று நமக்குண்டு. எனினும் காலம் தாழ்த்தலாகாது என்னும் விதி மாறவில்லை.

நாணம் ஈமானின் ஒரு கிளை. ஆனால் நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஆதலின் தாய்மார்களே, மகளிடமேனும் கூறுங்கள். ஆடவர்களே, கூறுவதற்கு இடமளியுங்கள். வீட்டில் ஒருவர் கேட்கத் துணிந்தால், மற்றொருவர் பிழைக்கக்கூடும்.