வைரஸ் இல்லை, வெயில்

மே மாதம். பொறியியல் கலந்தாய்வுக்கு இணையத்தில் பதிவு நடந்துகொண்டிருந்த நாட்கள். திருத்தணியில் எங்கள் இரவுப் பாடசாலையில் இருப்பது ஒரே ஒரு கணினி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கை ஒருத்தி மதிப்பெண் பட்டியலை ஏற்றி, சாதிச் சான்றிதழை ஏற்றி, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு வரும்போது திரை அப்படியே நின்றது. மௌஸ் அசையவில்லை. மூலையில் கடிகாரம் 2.40ஐ விட்டு நகரவில்லை. அணைத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி அதே கதை.

"அண்ணா, நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா?" என்றாள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். முந்தைய வாரம்தான் டவுனில் ஒரு கடைக்கு அந்தப் பெட்டியை ஆட்டோவில் தூக்கிப் போயிருந்தோம். வந்து பார்க்க முடியுமா என்று கேட்டபோது எந்தத் தெரு என்றார் கடைக்காரர். காலனி என்றதும், "நீங்களே எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். கொண்டுபோனோம். திறந்துகூடப் பார்க்கவில்லை. "பசங்க கேம் ஆடி வைரஸ் ஏத்தியிருப்பாங்க. பழக்கமில்லாதவங்க கையில கொடுத்தா இப்படித்தான்" என்று சொல்லி, ஃபார்மட் செய்து, 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

இந்த முறை கடைக்குப் போகவில்லை. ஒரு நோட்டு போட்டோம். எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் கணக்கு தெளிவாகிவிட்டது. காலை 6 மணிக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. மதியம் 2 மணிக்கு இருபது நிமிடம். நின்றபின் அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. ராமோ ஹார்ட் டிஸ்க்கோ கெட்டாலும் கணினி உறைந்து நிற்கும்தான். ஆனால் அவை இப்படி வெயிலைப் பார்த்து வேலை செய்வது அபூர்வம். வைரஸுக்குக் காலை எது, மதியம் எது?

கணினியைப் போட்டவுடன் டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போனோம். அங்கே செயலியின் வெப்பத்தைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா இருக்கும்போதே 84 டிகிரி. கண் முன்னால் ஏறிக்கொண்டும் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி, இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே பஞ்சு. நிஜமாகவே பஞ்சு. எங்களுக்கு வருமுன் அது பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் கணக்கெழுத இருந்த பெட்டி. நூல்தூசி அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஃபேன் சுற்றுகிறது, காற்று இறங்க வழியில்லை.

தங்கைதான் பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். தூசியெல்லாம் போனபிறகு அவள்தான் பார்த்தாள்: கூலரைப் பலகையோடு பிடித்திருக்கும் நான்கு கால்களில் ஒன்று மாட்டாமல் தொங்கியது. பழைய இன்டெல் கூலர்களில் அடிக்கடி நடக்கிற விஷயம். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் செயலிக்கும் கூலருக்கும் நடுவே இடைவெளி விழும், சூடு கடத்தப்படாது. கழற்றினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பச்சைப்பயறு அளவு புது பேஸ்ட் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக எதிரெதிர்க் கால்களை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினோம். செலவு பேஸ்ட்டுக்கு 100 ரூபாய்.

எங்கள் தவறும் ஒன்று உண்டு. ஏப்ரல் 14க்குக் கொடி தைத்தது போக மிச்சமிருந்த நீலத் துணியை, தூசி படக்கூடாதென்று அந்தப் பெட்டிமேல் போர்த்தி வைத்திருந்தோம். மரியாதையாகத்தான். ஓடும்போதும் அதை எடுத்ததில்லை. காற்று வெளியேறும் துளைகளை அதுவே அடைத்துவிட்டது.

அன்று மாலை பயாஸில் 47 டிகிரி. அதற்குக் கீழே பெரிதாக இறங்காது. ஃபேன் அறையின் காற்றைத்தான் இழுத்து ஊதுகிறது. கத்திரியில் திருத்தணி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். எங்கள் கூரை சிமென்ட் ஷீட், ஜன்னல் ஒன்று. மதியத்தில் அந்த அறையில் பிள்ளைகளே உட்கார முடியாது. கூரைக்குக் கீழே தென்னை ஓலைத் தட்டி கட்டியிருக்கிறோம், பகலில் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து டேபிள் ஃபேன் வைக்கிறோம். மாடி ஒட்டிய கட்டடம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், அது தனிக்கதை.

இரவு 9 மணிக்குப் பதிவு முடிந்தது. அவள் அம்மா வாசலில் நின்று தெலுங்கில் என்ன ஆச்சு என்று கேட்டார். 1960இல் திருத்தணி ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தும் எங்கள் தெருக்களில் இரண்டு மொழியும் ஒன்றாகத்தான் குடியிருக்கின்றன. "தூசிம்மா, நான் எடுத்துட்டேன்" என்று தமிழிலேயே பதில் சொன்னாள்.

போன வாரம் பக்கத்து ஊர்த் தோழர்கள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது ஆன் ஆகவே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கிறேன் என்று நிற்கிறாள். பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள் இருக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும், அதை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். வேறு ஒன்றை மாட்டிப் பார்க்கலாம் என்று நோட்டில் முதல் வரி எழுதியாகிவிட்டது.