கை நோகாத ஹாண்டில்

ஏப்ரலில் பனி கரைந்துவிட்டால் மொன்றியலில் சைக்கிள் திருத்துகிறவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பின்சந்துக் கடையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரைப் பார்க்க அப்படியொரு சனிக்கிழமை போயிருந்தேன். சுவர் முழுக்க ஆணியில் பழைய ஹாண்டில்கள். கீழே வளைந்த ரேஸ் ஹாண்டில், நேர்க்கம்பி, ஊரில் றலி சைக்கிளுக்கு இருக்குமே, அந்தப் பின்னோக்கி வளைந்த ஹாண்டில்.

பிரெஞ்சுக்காரப் பெண்ணொருத்தி வந்தாள். சென் ஜெரோமிலிருந்து மொன் லோரியே வரை, பழைய ரயில்பாதையில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போகும் 'பெத்தி த்ரேன் து நோர்' தடத்தில் கோடையில் பயணம் போக எண்ணமாம். ஒரு மணி நேரம் ஓடினாலே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன. நெடும்பயணத்துக்கு வளைந்த ரேஸ் ஹாண்டில்தான் சரி என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அண்ணை ஹாண்டிலைத் தொடவே இல்லை. அவளைச் சைக்கிளில் ஏற்றி, பக்கவாட்டில் குந்தியிருந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கை விறைக்குதெண்டு வாற கனபேருக்கு ஹாண்டிலில பிழையில்லை, தம்பி. சீற் முன்னுக்குச் சரிஞ்சிருக்கும். உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையிலதான் இறங்கும்."

அந்த இரண்டு விரல்களுக்கும் போகிற நரம்பு, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக ஓர் ஒடுங்கிய வழியால் நுழைகிறது. பாரம் விழுவதும் அங்கேதான். சீற்றை மட்டம் பார்த்து இறுக்கிய பிறகு அவள் கைகளில் இரண்டு பென்சில்களைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாக நீட்டச் சொன்னார். பென்சில்கள் நேர்கோட்டில் நிற்கவில்லை. வெளிமுனைகள் அவளை நோக்கிச் சாய்ந்திருந்தன. அவளுடைய நேர்க்கம்பியில் அந்தச் சாய்வுக்கு இடமே இல்லை. மணிக்கட்டை முறுக்கித்தான் பிடித்திருக்கிறாள்.

கல்தூள் பாதைக்கென்று வரும் ரேஸ் ஹாண்டில்களின் கீழ்வளைவு 12, 16, 25 பாகை என்று வெளியே விரிந்திருக்கும். பிடிக்கப் பல இடம் உண்டு, நல்லதுதான். ஆனால் அவற்றின் குழாய் 23.8 மில்லிமீற்றர், நேர்க்கம்பியின் பிடி 22.2. பிறேக் பிடி, கியர் எல்லாம் மாற்றவேண்டும். பின்னோக்கி வளைந்ததில் அவளிடம் இருப்பவையே பொருந்தும். ரேஸ் ஹாண்டிலை விற்றால் கூடக் காசு வரும் என்று தெரிந்தும் அண்ணை மலிவானதையே காட்டினார். அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது. ஹாண்டிலின் அகலம் கூடினால் சுகம் கூடும் என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை ஏற்கமாட்டேன். தோளளவை மிக மிஞ்சினால் பிடரி பிடித்துக்கொள்ளலாம்.

இதே மொன்றியலில் ஜுசெப்பே மரினோனி என்றொருவர். 1965இல் இத்தாலியிலிருந்து வந்தவர், தொழிலால் தையல்காரர். 1974இல் சைக்கிள் சட்டம் கட்டத் தொடங்கினார். 2012இல், 75 வயதில், தன் கையால் கட்டிய சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 35.728 கிலோமீற்றர் ஓடி அவ்வயதுப் பிரிவில் சாதனை படைத்தார். ஆளுக்கு அளவெடுக்கப் பழகிய கை சைக்கிளுக்கு வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

சுவரிலிருந்து இறக்கிய ஹாண்டிலின் நடுப்பகுதியை அண்ணை கலிப்பரால் அளந்தார். 25.4 மில்லிமீற்றர். "இது 26 எண்டால் கண்ணுக்குத் தெரியாது, தம்பி. நெரிச்சுப் பூட்டினா ஒருநாள் வெடிக்கும்." அவளுடைய சைக்கிளில் ஹாண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் 31.8க்கானது, ஹாண்டில் கையைப் பின்னுக்குக் கொண்டுவருவதால் நீளமும் போதாது. மேசை லாச்சியைக் கிளறி 25.4க்கான நீண்ட ஸ்டெம் ஒன்றை எடுத்தார். நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கினார். ஸ்டெம் மூடிக்கு மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவா என்று நகத்தை விட்டுப் பார்த்தார். பிறேக் பிடிகளை, அவள் விரல் நீட்டினால் முழங்கை தொட்டு ஒரே கோடாக வரும்படி சாய்த்தார்.

கைப்பிடி றப்பரை மட்டும் ஒட்டவில்லை. லஷீன் கால்வாய் ஓரமாக ஒரு கிழமை ஓடிப்பார்த்து, எங்கே நோகிறது என்று வந்து சொல்லும்படி பிரெஞ்சில் சொல்லி அனுப்பிவிட்டு, வரிசையில் நின்ற அடுத்த சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார்.