காசிக்கு முதல் முறையாகப் போகிறீர்களா?

"காசிக்கா? அதெல்லாம் கடமை முடிஞ்சப்புறம் போற இடமாச்சே!" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், பையனுக்கு வேலை கிடைக்கட்டும், பேரன் பிறக்கட்டும் என்று தள்ளிப் போட்டுக் கொண்டே போகிறோம். கடைசியில் பணமும் நேரமும் கூடி வரும்போது, முழங்கால் மட்டும் 'நான் வரமாட்டேன்' என்று உட்கார்ந்து விடுகிறது. காசியோ படிகளின் ஊர். கங்கைக் கரையில் மட்டும் எண்பதுக்கு மேல் படித்துறைகள். எல்லாம் செங்குத்து! ஆகையால் சகோதரிகளே, என் முதல் யோசனை இதுதான்: கால் நன்றாக இருக்கும்போதே போய் வந்து விடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் இன்றே கூட்டிப் போங்கள்.

எழுபத்து நாலு வயது மாமியாரை, சர்க்கரை வியாதியோடும் முழங்கால் வலியோடும், பிரயாகை, காசி, கயா மூன்றுக்கும் அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவள் நான். என் கணவர் டிக்கெட்டைப் பார்த்துக் கொண்டார். மற்றதெல்லாம் என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் தெரிந்து கொண்டவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

எப்போது போவது?

அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் இந்த நான்கு மாதங்கள்தான் நமக்குச் சௌகரியம். மே, ஜூனில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டி அடிக்கும். படித்துறைக் கல் தோசைக் கல்லாகக் காயும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கங்கையில் வெள்ளம் வரும் காலம். பல படிகள் முழுகி விடும், படகையும் நிறுத்தி விடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் நடுங்கும் குளிர். மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அது ஒத்துக் கொள்ளாது. குளிர் காலத்தில்தான் போக முடியும் என்றால் ஸ்வெட்டர், காது மூடும் குல்லாய், சாக்ஸ் எல்லாம் அவசியம். நம் ஊர் மார்கழிக் குளிர் என்று நினைத்துக் கொண்டு ஒரு சால்வையோடு கிளம்பி விடாதீர்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து ஒன்றரை நாள் பிரயாணம். கன்னியாகுமரியிலிருந்தும் 2023 டிசம்பரில் வாராந்தர ரயில் விட ஆரம்பித்தார்கள். டிக்கெட் எடுக்கும்போது ஸ்டேஷன் பெயரைக் கவனியுங்கள். வாராணசி ஜங்ஷன் என்பது பெரிய ஸ்டேஷன்; அதை உள்ளூரில் 'கேண்ட்' என்பார்கள். 'பனாரஸ்' என்பது வேறு ஸ்டேஷன்; முன்பு மண்டுவாடி என்று இருந்தது, 2021-ல் பெயர் மாறியது. சில ரயில்கள் ஊருக்குள் வராமல், கங்கைக்கு அக்கரையில் உள்ள தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷன் வழியாகவே போய் விடும். நம் பெரியவர்கள் மொகல்சராய் என்று சொல்வார்களே, அதுதான். 2018-ல் பெயர் மாற்றினார்கள். அங்கே இறங்கினால் காசிக்கு ஏறக்குறைய பதினேழு கிலோ மீட்டர் வண்டியில் வர வேண்டும்.

பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். முதல் நாளுக்கு இட்லி மிளகாய்ப் பொடி தடவியது, புளியோதரை; அடுத்த நாளுக்கு எண்ணெய் விட்டுப் பிசைந்து இட்ட சப்பாத்தி, தக்காளித் தொக்கு. தயிர் சாதம் முதல் வேளைக்கு மட்டும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். பிரயாணத்தில் முதலில் ஊசிப் போவது அதுதான்.

பெட்டி ஒன்று, கைப்பை ஒன்று

ஆளுக்கு ஒரு பெட்டி போதும். காசியின் சந்துகளில் வண்டி போகாது. இறங்கி நடந்துதான் போக வேண்டும். எதிரே மாடு வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். பெரிய பெட்டியைத் தூக்கிக் கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தால் போதும், ஊரே வேண்டாம் என்று தோன்றி விடும்.

மருந்துகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். தேவைக்கு மேல் ஒரு வாரத்து மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். டாக்டர் சீட்டின் நகல் ஒன்று, தங்கும் இடத்தின் விலாசமும் நம் செல்போன் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று. இந்தச் சீட்டைப் பெரியவர்களின் புடவைத் தலைப்பிலும், குழந்தைகளின் சட்டைப் பையிலும் முடிந்து வைத்தேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம். தசாசுவமேதக் கட்டத்தில் மாலை ஆரத்திக் கூட்டத்தைப் பார்த்தால் சிரிக்க மாட்டீர்கள்.

ஹிந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். 'கித்னா' என்றால் எவ்வளவு. 'நஹீ சாஹியே' என்றால் வேண்டாம். 'தீரே சலோ' என்றால் மெதுவாகப் போ. 'தவாயி கீ துகான்' என்றால் மருந்துக் கடை. இந்த நாலு வார்த்தையில் எட்டு நாள் ஓட்டலாம். 'நஹீ சாஹியே'யைத்தான் அதிகம் சொல்ல வேண்டி வரும்.

மருந்தும் விரதமும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காசிக்குப் போகிறவர்களில் பலர் பித்ரு காரியம் செய்யப் போகிறவர்கள். காலையில் ஸ்நானம் செய்து, காரியம் முடியும் வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்பார்கள். அது முடிய மதியம் ஒரு மணி, இரண்டு மணி ஆகி விடும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக் கொண்டு பட்டினி கிடந்தால், ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி விடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், சம்பந்தம் இல்லாமல் கோபம் வரும். 'வெயிலாலே மயக்கம்' என்று நாம் விசிறிக் கொண்டிருந்தால் ஆபத்து. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணியில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறி விடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

என் மாமியார் பிடிவாதக்காரர். "என் மாமனார், மாமியார், உங்க மாமா, அத்தனை பேரும் என் கையாலே ஒரு வாய் தண்ணிக்குக் காத்துண்டிருக்கா. ஒரு வேளை பட்டினி இருக்க மாட்டேனா?" என்றார். நான் அவரிடம் வாதாடவில்லை. முதல் நாளே காரியம் செய்து வைக்கும் சாஸ்திரிகளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர், "வயசானவா, வியாதிக்காரா, கர்ப்பிணி, குழந்தைகளுக்கு விரதத்திலே கட்டாயம் கிடையாது அம்மா. பாலும் பழமும் கொடுங்கோ. காரியம் பண்றது பிள்ளைதானே!" என்று மாமியார் காதில் விழும்படி சொல்லி விட்டார். மருமகள் சொன்னால் ஏறாதது சாஸ்திரிகள் சொன்னதும் ஏறி விட்டது. அன்று காலை பாலும் ஆப்பிளும் சாப்பிட்டு விட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆகையால் புறப்படும் முன்பே உங்கள் டாக்டரிடம், 'காரியத்தன்று சாப்பாடு தள்ளிப் போகும், மருந்தை எப்படி மாற்றுவது?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நாமாக அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் வேண்டாம். கைப்பையில் ஒரு சிறு டப்பா சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

கங்கையில் இறங்கும்போது

கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறாள். அதனால் படித்துறைகளில் நின்றால் சூரியன் நேர் எதிரே அக்கரையில் உதிக்கிறான். அந்தக் காட்சிக்காகவே விடியற்காலையில் படகில் போக வேண்டும். படகுக்காரரிடம் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை, எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடித்து விடுங்கள்.

குளிக்கும் படிகளில் பாசி இருக்கும். கடைசிப் படி வரை செருப்போடு போய், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவது நல்லது. ஆழம் சட்டென்று வந்து விடும். ஈரத்தில் உடம்போடு ஒட்டாத, அடர்ந்த நிறத்து நூல் புடவை கட்டிக் கொள்ளுங்கள். தலைக்கு மூன்று முழுக்குப் போடலாம், புண்ணியம். ஆனால் தண்ணீரை விழுங்க வேண்டாம். தீர்த்தத்தைத் தலையில் புரோட்சித்துக் கொண்டால் போதும். காலில் புண் உள்ளவர்கள், முக்கியமாகச் சர்க்கரைக்காரர்கள், இறங்காமல் சொம்பில் மொண்டு தலையில் விட்டுக் கொள்ளட்டும்.

மணிகர்ணிகையிலும் அரிச்சந்திரக் கட்டத்திலும் இரவு பகலாகச் சிதை எரிந்து கொண்டிருக்கும். குழந்தைகள் கேட்டால் பயமுறுத்தாமல் உள்ளதைச் சொல்லுங்கள். படம் மட்டும் எடுக்காதீர்கள். அது யாரோ ஒருவர் வீட்டுத் துக்கம். 'ஏழைகளுக்கு விறகு வாங்கக் காசு கொடுங்கள்' என்று அங்கே வந்து மடக்குபவர்களிடம் ஒரு கும்பிடு போட்டு விட்டு நகர்ந்து விடுங்கள்.

கோயில்களில்

விசுவநாதர் கோயிலை இன்றுள்ள இடத்தில் 1780-ல் கட்டியவர் இந்தூர் மகாராணி அகல்யாபாய். ஒரு விதவைப் பெண்மணி கட்டிய கோயில் என்று கேட்டதும் என் மாமியாருக்குக் கண் கலங்கி விட்டது. 2021 டிசம்பரில் கங்கைக் கரை வரை விசாலமான வளாகம் திறந்த பிறகு, பழைய நெரிசல் குறைந்திருக்கிறது. செல்போன், கைப்பை, பேனா எதுவும் உள்ளே விட மாட்டார்கள். எல்லாவற்றையும் தங்கும் இடத்திலேயே வைத்து விட்டுப் போவது உத்தமம். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

அன்னபூரணி கோயில் பக்கத்திலேயே. தங்க அன்னபூரணி தரிசனம் தீபாவளியை ஒட்டிய சில நாட்களில் மட்டும். விசாலாட்சி கோயிலுக்குள் போனால் நம் ஊர்க் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கும். அதைத் திருப்பணி செய்தவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார். அனுமன் கட்டத்துப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பாரதியார் 1898-லிருந்து சில வருஷங்கள் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது அங்கேதான். கேதார கட்டத்தருகே குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிறது. இந்தப் பகுதிகளில் தங்கினால் ரசம் சாதத்துக்கு அலைய வேண்டாம்.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் பத்துக் கிலோ மீட்டரில் சாரநாத். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்கத் தலையை அங்குள்ள மியூசியத்தில் குழந்தைகளுக்குக் காட்டலாம். வெள்ளிக்கிழமை மியூசியம் விடுமுறை.

சாப்பாடும் கடை வீதியும்

காலையில் கச்சோரி, ஜிலேபி. மண் குவளையில் லஸ்ஸி. சுடச்சுடப் போட்டுத் தருவதைச் சாப்பிடலாம். நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட பானம் வேண்டாம். கடுகெண்ணெய் வாசனை நம் குழந்தைகளுக்குப் பிடிக்காது என்பதால் அவல், சத்துமாவு கொஞ்சம் கொண்டு போங்கள். வயிற்றுப் போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

பனாரஸ் பட்டுக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் இருப்பதெல்லாம் பட்டு அல்ல. ரிக்ஷாக்காரர் கூட்டிப் போகும் கடையில் அவருடைய கமிஷனும் புடவை விலையில் சேர்ந்து விடும். சில்க் மார்க் முத்திரை பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். ஓரத்து நூல் ஒன்றை எரித்தால் தலைமுடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். உருகி மணியாகத் திரண்டால் அது பட்டு இல்லை.

பிரயாகையில் தம்பதியாகப் போகிறவர்களுக்கு வேணி தானம் உண்டு. கணவர் மனைவிக்குத் தலை பின்னி, நுனியைக் கொஞ்சம் வெட்டிச் சங்கமத்தில் விட வேண்டும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் சீப்பையே தொடாத என் கணவர் பின்னிய பின்னலைப் பார்த்துப் படகுக்காரர் கூடச் சிரித்தார்.

கயாவில் அட்சய வடத்தடியில் ஒரு காயும் ஒரு பழமும் ஒரு இலையும் இனிமேல் சாப்பிடுவதில்லை என்று விட்டு விடுவது வழக்கம். அதை முன்கூட்டியே யோசித்து வைத்துக் கொள்ளுங்கள். அவசரத்தில் பாகற்காய், கீரை என்று உடம்புக்கு வேண்டியதை விட்டு விட்டால் பிறகு கஷ்டம். என் மாமியார் உருளைக்கிழங்கையும் மாம்பழத்தையும் விட்டு விட்டார். பத்து வருஷமாக டாக்டர் தலைபாடாக அடித்துக் கொண்டும் விடாததை! இரண்டும் அவருக்கு உயிர் என்பதால் எனக்கே மனசு கேட்கவில்லை. "பிடிச்சதை விட்டால்தானேடி அது விட்டதாகும்?" என்றார். இப்போது எங்கள் வீட்டில் மாம்பழ சீசன் வந்தால் அவருக்கு ஒரு கொய்யாப்பழம் தனியாக நறுக்கி வைக்கிறேன்.