பழைய பைதன் கோப்பைத் திறக்குமுன்

ஐ.சி.ரி. படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும் உயர்தரத்தில் அந்தப் பாடம் எடுத்திருக்கிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறோம். மற்றவர்களும் வாசிக்கலாம், புள்ளிக் கணக்கு எல்லாருக்கும் விளங்கும்.

எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலும் நாங்கள் பழகிய கணினி அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருடத்துப் பிள்ளைகள் எழுதிய சின்ன நிரல் பென் டிரைவில் அடுத்த வருடத்துக்குப் போகும். தவணைப் புள்ளி கூட்டுவது, வரவுப் பட்டியல் போடுவது, இப்படி. அதில் நாலைந்து பேரின் கை பட்டிருக்கும். ஒருவர் நோட்பேடில் டெப் விசையை அடித்து வரியை உள்ளே தள்ளியிருப்பார். இன்னொருவர் நாலு இடைவெளி விட்டிருப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும்.

சாதாரண தரத்துப் பஸ்காலில் இது அழகுக்காக மட்டும். எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்பதைப் பிகின், என்ட் என்ற சொற்கள் பார்த்துக்கொள்ளும். பைதனில் அப்படியில்லை. வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதே கட்டளையின் பொருள்.

எங்களிடம் வந்த புள்ளி நிரல் ஒன்று பைதன் 2 காலத்தது. பைதன் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது, புதிய கணினிகளில் இருப்பது பைதன் 3. விடுமுறையில் உதவிக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், நல்ல கெட்டிக்காரத் தம்பி, பிரின்டுகளுக்கு அடைப்புக்குறி போட்டு ஓட்டிப் பார்த்தார். டெப்பும் இடைவெளியும் கலந்திருக்கிறது என்று பைதன் 3 மறுத்துவிட்டது. அவர் விஷுவல் ஸ்டூடியோ கோடில் திறந்து, டெப் எல்லாவற்றையும் நாலு நாலு இடைவெளியாக மாற்றினார். பிழைச் செய்தி போய்விட்டது. நிரலும் ஓடியது.

38 பிள்ளைகளில் 38 பேரும் சித்தி!

வகுப்பாசிரியை கையால் எண்ணி வைத்திருந்தது 27. அந்தத் தாள் இல்லாவிட்டால், 35 புள்ளி தொடாத 11 பிள்ளைகளின் பெயர் மாலை வகுப்புப் பட்டியலில் வந்திருக்காது. அந்த வகுப்பு யாருக்காக நடக்கிறதோ அவர்களே வீட்டில் இருந்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு பிள்ளையாக எடுக்கும் ஃபோர் வரிக்குக் கீழே, நாலு இடைவெளி தள்ளி, ‘புள்ளி 35 அல்லது அதற்கு மேல் என்றால்’ என்ற இஃப் வரி. அதற்குள் இரண்டு கட்டளைகள். பெயரை அச்சிடும் முதலாவதின் முன்னால் எட்டு இடைவெளி. பெயரைச் சித்திப் பட்டியலில் சேர்க்கும் இரண்டாவதின் முன்னால் ஒரேயொரு டெப். பைதன் 2 ஒரு டெப்பை அடுத்த எட்டின் மடங்குவரை நீட்டி எண்ணும். ஆகவே அதன் கணக்கில் இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. டெப்பை நாலாக்கியதும் இரண்டாவது வரி இஃபுக்கு வெளியே வந்து, ஃபோருக்குள் மட்டும் நின்றது. எல்லாப் பெயரும் சித்திப் பட்டியலில் ஏறிவிட்டது.

பைதன் 3 மறுத்ததே நல்லது என்றுதான் சொல்வோம். சத்தமில்லாமல் ஊகிப்பதைவிட, ‘எனக்கு விளங்கவில்லை’ என்று நிற்பது மேல்.

இந்தத் தலையிடி பைதனோடு தொடங்கியதும் அல்ல. 1976-இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். அதில் கட்டளை வரி டெப்பில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி போட்டால் ஓடாது. அது தொல்லை என்று அவருக்குச் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டசன் பேர் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க மனமில்லாமல் அப்படியே விட்டார். அந்த ஒரு டசன் பேருக்காக இன்றைக்கும் உலகம் முழுக்க டெப் அடிக்கிறார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நாங்கள் ஃபெல்ட்மனின் பக்கம்தான்.

எங்கள் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்? புதுக் கடிதம் எல்லாம் யுனிகோடில்தான். ஆனால் பழைய வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியக்கூடாதே. இதுவும் அதே கதைதான்.

பைதனின் நடை வழிகாட்டியான பெப் 8-உம் அப்படித்தான் சொல்கிறது: புதிதாக எழுதினால் நாலு இடைவெளி, ஏற்கெனவே டெப்பில் இருக்கும் நிரலைத் தொட்டால் டெப்.

இப்போது நாங்கள் செய்வது: பழைய நிரல்களுக்குத் தனிக் கோப்புறை. அதற்குள் எடிட்டர்கொன்ஃபிக் கோப்பு ஒன்று, டெப் அகலம் எட்டு என்று எழுதி. புதியவற்றின் கோப்புறையில் நாலு இடைவெளி என்று இன்னொன்று. எழுதி (அதுதான், எடிட்டர்) கோப்புக்குக் கிட்ட உள்ளதையே கேட்கும், பிள்ளைகள் ஒன்றையும் நினைவு வைக்கத் தேவையில்லை. விஷுவல் ஸ்டூடியோ கோடுக்கு இதற்கான நீட்சியைச் சேர்க்க வேண்டும். பழையதை மாற்றியே ஆகவேண்டும் என்றால் முதலில் ஒரு பிரதி. பிறகு பைதனோடு வரும் டெப்நானியை ஓட்டினால் சந்தேகமான வரியைக் காட்டும். அதன்பின் எட்டாக விரித்து, போன தவணைப் புள்ளியைக் கொடுத்து, போன தவணை விடையே வருகிறதா என்று பார்க்கிறோம். அன்றைக்கு வேறு ஒரு திருத்தமும் இல்லை. வேறு ஏதாவது சேர்க்க ஆசைப்பட்டால் அடுத்த நாள்.

அந்த இரண்டு கோப்புகளும் வேண்டிய ஆசிரியர்கள் உட்பெட்டியில் கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் அனுப்பிவைக்கிறோம்.