மருகரின் துப்பாக்கியும் மிஃராள் பாடமும்

கிதாபுகளில் வேட்டையின் பாடத்தைப் பல்லாண்டு ஓதிக் கொடுத்தவர் நாம், துப்பாக்கியைத் தொட்டதில்லை. 2023ஆம் ஆண்டு வசந்தத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் தங்கை மகனின் இல்லத்தில் தங்கியிருந்தபோது அக்குறை ஒருவாறு நீங்கிற்று. வான்கோழி வேட்டைக்கு உரிமம் பெற்றிருந்த மருகர், பருவம் தொடங்குமுன் தம் துப்பாக்கியைச் சோதிக்க நம்மையும் அழைத்துச் சென்றார். "சுட்ட பறவை ஹலாலாகுமா, மாமா?" என்று வழிநெடுகக் கேட்டுவந்தார். (அமெரிக்க மண்ணின் இப்பறவையை ஆங்கிலேயர் துருக்கியின் பெயராலும், அரபியர் 'தீக் ரூமி', அதாவது ரோமச் சேவல் என்றும் அழைப்பது ஒரு வேடிக்கை.)

40 கஜத் தொலைவில் பெருந்தாள் ஒன்று நிறுத்தப்பட்டது. அதில் பறவையின் தலையும் கழுத்தும் மட்டுமே வரையப்பட்டிருந்தன. உடலில் சுட்டால் இறகும் தடித்த மார்புத் தசையும் ரவையைத் தாங்கிவிடும். பறவை குற்றுயிராய்ப் புதருக்குள் ஓடி மறையும். தலையும் கழுத்துமாகிய அச்சிறு இடத்தில் பல ரவைகள் ஒருங்கே பாய்தல் வேண்டும். அதற்கெனவே குழல்வாயில் 'சோக்' எனும் குறுகிய உருளையைத் திருகிப் பொருத்துகின்றனர். 12 போர் துப்பாக்கியின் உள்விட்டம் ஏறத்தாழ 0.73 அங்குலம், வான்கோழிக்குரிய சோக் அதனை 0.66 வரைகூடச் சுருக்கும். ரவைக்கூட்டம் சிதறாது நெருங்கிச் செல்லும்.

ரவையின் எண் கூடக்கூடப் பருமன் குறைகிறது. ஈயத்தில் 4, 5, 6 ஆகிய எண்களே இவ்வேட்டைக்கு வழக்கம். ஓர் அவுன்ஸில் 4ஆம் எண் சுமார் 135 மணிகள். 6ஆம் எண் சுமார் 225. முன்னது ஆழப் பாயும். பின்னது அடர்ந்து நிறையும். டங்ஸ்டன் ரவை ஈயத்தினும் ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானதால் 9ஆம் எண்ணின் பொடிமணியே போதுமாம். விலையைக் கேட்டு நாம் வாய்திறக்கவில்லை.

10 அங்குல வட்டத்துள் 100 ரவை என்பது வேட்டைக்காரர் கணக்கு. ஒரே சோக்கில் இருவகைத் தோட்டாக்களை மருகர் சுட்டார். ஒன்று வட்டத்தை நிறைத்தது. மற்றது ஒரு தலையே தப்பிச் செல்லுமளவு இடைவெளி விட்டது. பெட்டியில் அச்சிட்ட உறுதிமொழியைவிடத் தாளே நம்பத்தக்கது. அருகில் சுட்டபோதோ ரவையெல்லாம் கையகலத்துள் அடங்கின. சற்றே குறி பிசகினும் முற்றாகத் தவறும்.

நமது உள்ளம் பாடத்துக்குத் திரும்பிற்று. மிஃராள் எனும் எறிகோலைப் பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வினவியபோது, முனை துளைத்ததை உண்ணலாம், பக்கவாட்டில் அடிபட்டு மாண்டது கூடாது என நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். உருண்டை மணிக்கு முனை ஏது? ஷாஃபி, ஹனஃபி நூல்களின்படி குண்டால் மாண்டது ஆகாது. உயிருடன் கைக்குக் கிட்டி அறுத்தால் ஆகும். மாலிக்கி அறிஞர் தர்தீரும் யமனின் ஷவ்கானியும் ஈயக்குண்டு துளைத்துச் செல்வதால் ஆகுமென்றனர். 'புந்துக்' என்னும் சொல் கொட்டைப்பருப்பிலிருந்து களிமண் உருண்டைக்கும், பின்னர் ஈயக்குண்டுக்கும் பெயர்ந்ததால் விளைந்த வழக்கு இது.

சோக் எத்துணைச் சிறந்ததோ அத்துணை விரைவில் உயிர் போகும், கத்திக்கு வேலையிராது. "தளர்ந்த சோக்கைப் போட்டு, விழுந்ததும் ஓடி அறுத்தால்?" என்றார் மருகர். நமக்கு விடை சொல்ல நேரமாயிற்று. நம் உணவு ஆகுமானதாக வேண்டி ஒரு பறவையைக் குற்றுயிராக்கத் திட்டமிடுவதா?

"இறுகிய சோக்கையே போடு தம்பி. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடு, கத்தியோடு ஓடு. உயிரிருந்தால் அறு. போயிருந்தால் தர்தீரைப் பற்றிக்கொள்வது உன் பொறுப்பு, மாமாவின் தட்டில் வைக்காதே" என்றோம்.

மே மாதத்து ஒரு காலையில் அவர் சேவலொன்றுடன் திரும்பினார். கத்தி உறையிலேயே இருந்தது. அன்று நமக்குப் பருப்பும் சோறும்.