பாப்பா வரைந்த பாப்பா

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, அக்கா கண்கள் சிவக்க வீட்டுக்குள் நுழைந்தாள். இடுப்பில் நாலு வயதை எட்டாத பாப்பா. கையில் நாலாக மடித்த வெள்ளைத்தாள். பக்கத்து ஊர் ஆங்கிலப் பள்ளியொன்றில் எல்.கே.ஜி. சேர்க்கப் போயிருந்தார்கள். அங்கே பாப்பாவிடம் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, "உன்னை நீயே வரைந்து காட்டு" என்றார்களாம். வரைந்ததைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு வயசுக்கேத்த அறிவு வரலை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தாளைப் பிரித்தேன். ஒரு வட்டம். உள்ளே இரண்டு புள்ளி, ஒரு கோடு. வட்டத்தின் அடியிலிருந்து நேராக இறங்கும் இரண்டு நீண்ட கால்கள். கழுத்து இல்லை, வயிறு இல்லை, கையும் இல்லை!

"நம்ம வீட்ல நீ ஒருத்திதான்டி படிக்கிறதுக்குன்னு பொறந்தவ. இதுவும் என்னை மாதிரிதான் போலிருக்கு" என்றாள் அக்கா.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். 'மக்கு' என்று வகுப்பில் ஒருவர் சொன்ன சொல்லை இன்றுவரை நம்புகிறவள். அவள் தையல் தைத்துச் சேர்த்த காசில்தான் என் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் நடக்கின்றன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு கணம் எனக்கும் அதே ஐயம் எழுந்தது. அந்த ஒரு கணத்துக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

கல்லூரி திறந்ததும் நூலகத்தில் உளவியல் நூல்கள் இருக்கும் அலமாரியைத் தேடிப் போனேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கப் படிக்க வியப்பு மேலிட்டது. பல நாட்டுப் பிள்ளைகளும் மூன்று, நான்கு வயதில் மனிதரை இப்படித்தான் வரைகிறார்களாம்! ஆய்வாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'தலைப்பிரட்டை உருவம்'. எங்கள் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் இருக்கிறதே, அதே தவளைக்குஞ்சின் பெயர்தான்!

இந்த ஆராய்ச்சிக்கு வயது நூறுக்கு மேல். இத்தாலி நாட்டுக் கொராடோ ரிச்சி என்பவர் மழைக்கு ஒதுங்கிய இடத்தில், சுவரில் பிள்ளைகள் கிறுக்கியிருந்ததைக் கண்டு சிந்திக்கத் தொடங்கினார். 1887-இல் குழந்தைகளின் கலையைப் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். நம் வீட்டுச் சுவரில் கிறுக்கினால் நாம் முதுகில் அல்லவா எழுதுகிறோம்!

தன்னைத் தானே வரைவதற்குப் பல திறமைகள் ஒன்றுகூட வேண்டும். முதலில், 'நான்' என்று ஒருத்தி இருப்பது தெரிய வேண்டும். குழந்தை அறியாமல் அதன் மூக்கில் சிவப்புப் பொட்டு வைத்துக் கண்ணாடி காட்டும் சோதனையை 1972-இல் பியூலா ஆம்ஸ்டர்டம் வெளியிட்டார். ஏறத்தாழ ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுக்குள்தான் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணாடியை விட்டுத் தம் மூக்கைத் தொடுகிறார்கள். அடுத்து, கை பழக வேண்டும். இரண்டு வயதில் கிறுக்கல். மூன்றை ஒட்டித்தான் கோட்டின் தொடக்கமும் முடிவும் சேர்ந்து வட்டமாகிறது. அதன் பிறகு, எதை முதலில் போடுவது, எதை எங்கே ஒட்டுவது என்ற வரிசை மனத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

நார்மன் ஃப்ரீமன் 1975-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைக் காட்டுகிறது. தலையும் உடலும் மட்டும் வரைந்த உருவங்களைத் தந்து கைகளைச் சேர்க்கச் சொன்னபோது, தலைப்பிரட்டை வரையும் பிள்ளைகள் தலை பெரிதாக இருந்தால் தலையிலும், உடல் பெரிதாக இருந்தால் உடலிலும் கையை ஒட்டும் போக்கினராய் இருந்தனர். கை எங்கே முளைக்கிறது என்று அறியாமலா? தம் கையைத் தாமே தினமும் பார்க்கிறவர்கள்தானே!

நானும் சோதித்துப் பார்க்க விரும்பினேன். சிலேட்டையும் பலப்பத்தையும் கொடுத்தேன். அதே வட்டம், அதே கால்கள்.

"பாப்பாவுக்கு வயிறு எங்கே?"

"இதோ!" என்று இரண்டு கால்களுக்கும் இடையே விரலை வைத்தாள். 'இதுகூடத் தெரியலையா சித்தி?' என்பது போல் ஒரு பார்வை வேறு!

பிறகு நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தலைக்குக் கீழே இன்னொரு வட்டம் வந்தது. பக்கவாட்டில் கைகளும் வந்தன. வயிறு அவள் அறிவில் முன்பே இருந்தது. படத்தில்தான் இன்னும் வந்து சேரவில்லை. என்னை வரையச் சொன்னேன். அதே உருவம், கூடவே ஒரு நீண்ட சடை. "இது சித்தி!" என்று கைகொட்டினாள். இந்த வயதில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே உருவம்தான். ஆளுக்கு ஆள் உடையும் அடையாளமும் பின்னால்தான் பெருகுகின்றன.

விலங்கியல் மாணவி நான். தலைப்பிரட்டையைக் கண்டு 'இது குறையுள்ள தவளை' என்று எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. முதலில் பின்னங்கால் தோன்றும், பிறகு முன்னங்கால், அப்புறம் வால் சுருங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. தவளைக்குக் காட்டும் இந்தப் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்ட நமக்கு ஏன் மனம் வருவதில்லை? மனித உருவம் வரையச் சொல்லி அறிவை அளக்கும் முறையை ஃப்ளாரன்ஸ் குட்எனஃப் 1926-இல் வகுத்தது உண்மை. ஆனால் ஒரு படத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் அறிவைத் தீர்மானிக்க முடியாது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அப்போ என்னை மக்குன்னு சொன்னதும்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

"அதுவும் அவசரப்பட்டுச் சொன்னதுதான்க்கா" என்றேன்.

பாப்பா இப்போது எங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போகிறாள். போன வாரம் வரைந்த படத்தில் கைகள் தாமாகவே முளைத்துவிட்டன, காதுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து! அக்கா அதைத் தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

நாளை ஆசிரியராகப் போகும் தோழர்களே, தோழியரே! உங்கள் முன் ஒரு பிள்ளை வட்டமும் இரண்டு கோடும் வரைந்து நீட்டினால், தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். "வயிறு எங்கே?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது காட்டும்.